லட்சுமணசாமி பச்சை வேட்டி கட்டிய காரணம்

லட்சுமணசாமி வெள்ளை வேட்டியோடுதான் பிறந்தார் என்று கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. மோட்டார் பம்பு வார்க்கிற ஃபவுண்டரிக்கு முதலாளி அவர். கரியும் மணலும் பறக்கிற அந்த இடத்தில் காலை எட்டு மணிக்குப் போய் இறங்குவார். சாயங்காலம் ஒரு பொட்டுக் கறை இல்லாமல் காரில் ஏறுவார். கஞ்சி போட்டு, பெட்டி போட்டு, நடந்தால் சரசரவென்று சத்தம் வருகிற வேட்டி. "மனுசனோட யோக்கியதை வேட்டியில தெரியோணும்" என்பார். கல்யாணத்துக்கும் அதே வெள்ளைதான், எழவு வீட்டுக்கும் அதே வெள்ளைதான்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வரக் கூடாத இடத்தில் ஒரு வியாதி வந்தது. தொண்ணூற்றாறாம் வருசம் மாசி மாதம், ஒரு நாள் காலை கக்கூசில் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தால் பீங்கான் முழுக்க ரத்தம். வலி துளியும் இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பார். முட்டிவலி, முதுகுவலி என்றால் சபையில் உட்கார்ந்து சொல்லலாம். நாலு பேர் நாலு தைலம் சொல்வார்கள். இதை யாரிடம் சொல்வது? சொல்லிவிட்டு அப்புறம் எந்தப் பந்தியில் முதல் இலையில் உட்காருவது? ஆகவே லட்சுமணசாமி இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்து காபி குடித்தார்.

மூலச்சூடு என்று தானே முடிவு செய்து துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் சாப்பிட்டார். இரண்டே நாளில் நின்றது. கீரையின் மகிமை என்று நினைத்தார். இருபது நாள் கழித்து மறுபடி வந்தது. அந்த ரத்தத்தின் குணமே அப்படித்தான். இரண்டு நாள் வரும், இருபது நாள் காணாது. நிற்கிற நேரத்தில் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமோ அதற்குப் பேர் போய்ச் சேரும்.

அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் 'மூலம், பவுத்திரம், கத்தியின்றி ரத்தமின்றி' என்று எழுதியிருப்பார்கள். உள்ளூரில் போனால் தெரிந்தவர் கண்ணில் படும் என்று லட்சுமணசாமி பொள்ளாச்சிக்குப் போனார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தால், பெஞ்சில் ஏற்கெனவே ஐந்து பேர் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது துண்டுக்குக் கீழே இருந்தவர் அவருடைய சொந்தச் சம்பந்தி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பார்க்காதது மாதிரி இருந்துகொண்டார்கள். அடுத்த மாதம் ஒரு விருந்தில் சந்தித்தபோது "நல்லா இருக்கறீங்களா?" "நல்லா இருக்கறனுங்க, நீங்க?" என்று விசாரித்துக்கொண்டார்கள். கொங்கு நாட்டு மரியாதை என்றால் சும்மாவா?

ஐப்பசியில் மானம் கப்பலேறப் பார்த்தது. சரவணம்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தவருக்குப் பின்பக்கம் ஈரம் தட்டியது. எழுந்தால் முந்நூறு பேர் பார்ப்பார்கள். எழாமல் அடுத்த பந்திக்கும் உட்கார்ந்திருக்க முடியாது. ரசம் ஊற்ற வந்தவனின் வாளியைக் கையால் தட்டி, முழுவதையும் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டார். தொடை வெந்தது, மானம் பிழைத்தது. பரிமாறியவன் பாவம், மூன்று பேரிடம் திட்டு வாங்கினான்.

மறுநாள் காலை பெரிய கடை வீதியில் ரசாக் பாயின் வேட்டிக் கடையில் போய் உட்கார்ந்து, "கலர் வேட்டி காட்டுங்க பாய்" என்றார். இருபத்தைந்து வருச வாடிக்கையாளர் இப்படிக் கேட்டதும் ரசாக் எடுத்துப்போட்ட வெள்ளைக் கட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார். லட்சுமணசாமி மனதுக்குள் ஒவ்வொரு நிறமாகக் கட்டிப் பார்த்தார். சிவப்புதான் பொருத்தம், ஆனால் முதலாளி சிவப்பு கட்டினால் யூனியன்காரர்கள் வந்து கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். கறுப்பு கட்டினால் சபரிமலை என்பார்கள். நீலம் லுங்கி மாதிரி இருந்தது. கடைசியில் கரும்பச்சையைத் தொட்டு, எட்டு வேட்டி எடுக்கச் சொன்னார். எதைக் கொட்டினாலும் தெரியாத பச்சை.

"பழனிக்கு மாலைங்களா? நொம்ப சந்தோசமுங்க" என்று ரசாக் எழுந்தே நின்றுவிட்டார். "மொத வேட்டி நம்ம பங்கா இருக்கட்டுங்க. காசு வேண்டாமுங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பின்னே எதற்கு எட்டுப் பச்சை வேட்டி என்று கேள்வி வரும். லட்சுமணசாமி கும்பிட்டு வாங்கிக்கொண்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அங்கே ஆரம்பித்தது.

ஃபவுண்டரி வாசலில் வாட்ச்மேன் "அரோகரா" என்றான். மத்தியானத்துக்குள் சேதி ஊருக்கே தெரிந்து, குருசாமி மாலையோடு வந்துவிட்டார். திருமலைசாமி என்று பேர்; ஒரு காலத்தில் மாவு மில் நடத்தியவர். இப்போது முழுநேரமும் முருகன் வேலை. வருசா வருசம் தைப்பூசத்துக்கு அறுபது பேரைப் பழனிக்கு நடத்திக் கூட்டிப்போகிறவர். மற்றவர்கள் நாற்பத்தெட்டு நாள் விரதத்துக்குப் பின் மாலையைக் கழற்றிவிடுவார்கள். இவர் கழற்றுவதே இல்லை. பச்சை வேட்டியும் மாலையுமாகத்தான் பன்னிரண்டு மாதமும். எங்கே போனாலும் தன் பச்சைத் துண்டை விரித்துத்தான் உட்காருவார். அதைப் பார்த்து அறுபது பேரும் ஆளுக்கொரு பச்சைத் துண்டு வாங்கி வைத்திருந்தார்கள். காரணம் கேட்டால் ஐதீகம் என்பார்கள்.

"ஏனுங்கய்யா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேளத்தோட வந்திருப்பனே!" என்று குருசாமி மாலையைத் தூக்கினார். சுற்றிலும் கூலிக்காரர்கள் கைகூப்பி நின்றார்கள். லட்சுமணசாமி குனிந்து கழுத்தைக் காட்டினார். குனியாமல் என்ன செய்வார்?

இதற்குள் குடும்ப டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, உடம்பில் ரத்தமே இல்லை, ஆட்டு ஈரல் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார். எங்கே போகிறது என்று அவரும் கேட்டார்; பசியில்லை என்று இவர் பேச்சை மாற்றிவிட்டார். மாலை போட்ட பின் ஈரலும் போயிற்று. விடிவதற்குள் பச்சைத் தண்ணீர்க் குளியல், ஒருவேளைச் சோறு, வெறுங்கால். முதலாளியின் முகம் நாளுக்கு நாள் வெளுத்தது. "சாமி மொகத்துல என்ன தேஜஸுங்க!" என்றார்கள். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். தியானம் என்றார்கள். காபி டம்ளரைக்கூடத் தன் கையால் நகர்த்தாத மனிதர், தினமும் குழாயடியில் குந்தித் தன் வேட்டியைத் தானே துவைத்தார். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் அழுதே விட்டார்கள். இத்தனை பக்தி உள்ளே இருந்ததே, இத்தனை நாள் தெரியாமல் போனதே என்று.

அவர் மனைவி தெய்வாத்தாள் மட்டும் அழவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

இதில் லட்சுமணசாமியையும் சும்மா சொல்லக் கூடாது. மரியாதை கூடக் கூட அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. குருசாமிக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய ஃபவுண்டரியில் மோல்டர் வேலை பார்க்கிற ராமுலுவும் மாலை போட்டிருந்தான். அவன் பெண்சாதிக்குப் பிரசவ வலி வந்து ஆபரேசன் என்றார்கள். "மாலையக் கழட்டிப்போட்டுப் போய்ப் பக்கத்துல இருக்கட்டுங்களா?" என்று வந்து நின்றான். "மாலைன்னா பழனியில கழட்டறதுதான் ராமுலு. எடையில கழட்டுனா உன்ற பாவம் அறுவது பேர் தலையிலயும் விடியும்" என்றார் லட்சுமணசாமி. ராமுலு தங்கச்சியை அனுப்பிவைத்தான். குழந்தை நல்லபடியாகப் பிறந்ததால் தீர்ப்புக்கு இன்னும் மதிப்புக் கூடிவிட்டது.

தை பிறந்ததும் நடக்க ஆரம்பித்தார்கள். பொள்ளாச்சி தாண்டி, கோமங்கலம் தாண்டும் முன் லட்சுமணசாமிக்குக் கண் இருட்டியது. இரண்டு நாளாக விடாமல் போய்க்கொண்டிருந்தது ரத்தம். பச்சை வேட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால் யாருக்கும் தெரியவில்லை. ரோட்டோரத்தில் சாய்ந்தார். அருள் வந்துவிட்டது என்று அறுபது பேரும் சுற்றி நின்று பாடினார்கள். ஒருத்தி கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். சாப்பாட்டு வேனோடு பின்னால் வந்த மகன் கிருபாசங்கர்தான், "அருளாவது ஒண்ணாவது, கையெல்லாம் சில்லுன்னு கெடக்குது" என்று தூக்கிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சர்ஜன் லட்சுமிநாராயணன் நாற்பது வயதுக்காரர், அதிராமல் பேசுகிறவர். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். உயிர் போகிற பயத்தில் லட்சுமணசாமி பதினொரு மாதக் கதையையும் கொட்டினார். வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது என்று கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை குடலைக் கழுவி, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள்.

"மூலமெல்லாம் இல்லீங்க" என்றார் சர்ஜன். "பெருங்குடல் ஆரம்பிக்கற எடத்துல, வலது பக்கம், உள்தோலுக்கு அடியில ரத்தக்குழாய்ங்க தாறுமாறா விரிஞ்சு கெடக்குது. வயசானா சிலருக்கு வரும். புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை, அதனால வலியும் இல்லை. உங்க பம்புல கிளாண்டு தேஞ்சா கசியும் பாருங்க, அந்த மாதிரி. ஒண்ணு ரெண்டுன்னா சூடு வெச்சு அடைச்சிருப்பேன். ஏழெட்டு இருக்குது, ஒண்ணுல கசிஞ்சுட்டே இருக்குது. அந்தப் பக்கத்துக் குடலை எடுத்துட்டு, சிறுகுடலை மிச்சத்தோட சேத்துத் தெச்சுரலாம். இன்னிக்கே பண்ணோணும்."

பம்பு என்றதும் லட்சுமணசாமிக்குப் பட்டென்று புரிந்தது. ஓடுகிற பம்பைத் தூரத்திலிருந்து காதால் கேட்டே எங்கே ஒழுகுகிறது என்று சொல்கிறவர் அவர். ஒழுகுகிற பம்புக்குத் துத்திக்கீரை வைத்துக் கட்டுகிறவனை என்னவென்று திட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். சரி என்று தலையாட்டினார்.

பதினொரு மணிக்கு ஆபரேசன். பத்து மணிக்கு நர்ஸ் வந்து, மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றிவிட்டு மாலையை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தாள். சரியாக அந்த நேரத்தில் குருசாமி உள்ளே வந்தார். வராந்தாவில் அறுபது பச்சை வேட்டிகள். நடைப்பயணத்தின் நடுவில் பஸ் ஏறக் கூடாதுதான். ஆனால் விழுந்துபோன சாமியைப் பார்க்க ஏறினால் குற்றமில்லை, திரும்பிப் போய் அதே மைல்கல்லிலிருந்து நடந்துகொள்ளலாம் என்று குருசாமி அனுமதித்திருந்தார்.

"அம்மணி, அதைத் தொடாதீங்க!" என்றார் குருசாமி. நர்ஸ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

சர்ஜன் வந்தார். தியேட்டருக்குள் மாலை வரக் கூடாது என்றார். மாலை பழனியில்தான் கழற்றப்படும் என்றார் குருசாமி. வாசலில் நின்ற ராமுலு, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், "ஐயாவே எனக்குச் சொன்னதுங்க. எடையில கழட்டுனா பாவம் அறுவது பேர் தலையிலயும் விடியுமுங்க" என்று எடுத்துக்கொடுத்தான். அறுபது பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆம்புலன்ஸ் வைத்து, கையில் ஏறுகிற ரத்தப் பாட்டிலோடு, பழனிக்குக் கொண்டுபோவது. விஞ்சில் ஏற்றி மலை மேலே தரிசனம். அங்கேயே மாலையைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து ஆபரேசன். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

"போற வழியில திரும்ப வேகமாப் போச்சுன்னா, இங்க கொண்டுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுருமுங்க" என்றார் சர்ஜன்.

"முருகன் பாத்துக்குவானுங்க" என்றார் குருசாமி.

கிருபாசங்கர் கம்ப்யூட்டர் படித்தவன். இருந்தாலும் அறுபது பேர் பார்க்கும்போது படிப்பு எம்மாத்திரம்? "அப்பா, நீங்களே சொல்லுங்கப்பா" என்று தள்ளிவிட்டான். எல்லோரும் லட்சுமணசாமியைப் பார்த்தார்கள். இந்த மாலை வேண்டுதலுக்குப் போட்டதல்ல, கறைக்குப் போட்டது என்று ஒரு வரி சொன்னால் போதும். பொய்யாகப் போட்ட மாலையை எங்கே வேண்டுமானாலும் கழற்றலாம், எந்தக் குருசாமியும் மறுக்க முடியாது. அந்த ஒரு வரி தொண்டைக்கு மேலே வரவில்லை. செத்துப்போனால் பழனி வழியில் உயிர்விட்ட மகான் என்று படம் மாட்டுவார்கள். பிழைத்தால்? ஃபவுண்டரியில் ஒவ்வொருத்தனும் முதலாளி உட்கார்ந்து எழுந்த நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பான். "பழனிக்கே..." என்று வாயைத் திறந்தார்.

"எல்லாரும் சித்த வெளிய இருங்க" என்றாள் தெய்வாத்தாள். முப்பத்தெட்டு வருசத்தில் சபை நடுவே அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோரும் வெளியே போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். "ஏனுங்க, வேட்டியத் தொவச்சா மட்டும் போதுங்களா? மெத்தைவிரிப்பு, கார் சீட்டு, ஈசிச்சேர் துணி, இதையெல்லாம் பதினோரு மாசமா ஆரு தொவச்சதுன்னு நெனச்சீங்க? முருகனுங்களா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். கேட்டா உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமேன்னு இருந்தேன். எம்மேலயுந் தப்பு இருக்குதுங்க. மரியாதை மரியாதைன்னு உங்களைக் கொன்னுபோடப் பாத்தேன்." அழுகையை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். "இப்பக் குருசாமிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

லட்சுமணசாமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நானே சொல்றேன் புள்ள. அவரை மட்டும் வரச்சொல்லு" என்றார்.

குருசாமி வந்து, நாற்காலியில் பச்சைத் துண்டை விரித்து உட்கார்ந்தார். தெய்வாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். லட்சுமணசாமி கூரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். பீங்கான், பொள்ளாச்சி, ரசவாளி, ரசாக் கடை. சொல்லி முடித்துவிட்டுத் திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால் குருசாமி கதவைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்திருந்தார்.

"வலி இருந்துச்சுங்களா?" என்று காதோரம் கேட்டார்.

"இல்லீங்க."

"ரெண்டு நாள் வந்து, அப்பறம் நின்னுக்குமுங்களா?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

குருசாமி தன் வேட்டியின் மடிப்பைத் தடவினார். "எனக்கு நாலு வருசமுங்க" என்றார். "மாவு மில்லுல வெள்ளை மாவு. எங்க உக்காந்தாலும் தெரிஞ்சுபோகும். மாலையப் போட்டேன். அப்பறம் கழட்டறதுக்கு வழியே இல்லாமப் போச்சு."

இரண்டு பேரும் அந்தப் பச்சைத் துண்டைப் பார்த்தார்கள். அறுபது பேர் இதைப் பார்த்து ஐதீகம் கற்றுக்கொண்டார்களே என்று லட்சுமணசாமிக்குச் சிரிப்பு வந்தது. "நீங்களும் காட்டுங்க. இங்கயே, இன்னிக்கே காட்டுங்க. கொழாய் உடறப்ப ஒண்ணுந் தெரியறதில்லீங்க" என்றார்.

"நான் காட்டுனா அறுவது பேர் ஆரைப் பாத்து நடப்பாங்க? எனக்கு முருகன் இருக்கறானுங்க" என்று குருசாமி எழுந்தார். தன் கையாலேயே லட்சுமணசாமியின் மாலையைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, தெய்வாத்தாளிடம் கொடுத்தார். "வெளிய நான் பாத்துக்கறேன். உங்களுக்கு ஒரு கொறைச்சலும் வராம நான் சொல்லிக்கறேன்."

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வலப்பக்கக் குடலை எடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். வெட்டியெடுத்ததைச் சர்ஜன் தட்டில் வைத்துக் கிருபாசங்கருக்குக் காட்டியபோது, அவன் ஏதோ பெரிதாக எதிர்பார்த்து எட்டிப் பார்த்தான். குண்டூசியால் குத்திவைத்த மாதிரி ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் லட்சுமணசாமி தயிர்சாதம் சாப்பிட்டார். அப்புறம் அந்த ரத்தம் வரவே இல்லை. கஷ்டம் தியேட்டருக்குள்ளே இருக்கவில்லை. தியேட்டருக்குப் போகிற முப்பது அடி வராந்தாவில் இருந்தது.

தள்ளுவண்டியில் மல்லாந்து படுத்தபடி அவர் வெளியே வந்தபோது, குருசாமி கையை உயர்த்தி அறுபது பேரையும் அமர்த்தினார். "கேளுங்க சாமிகளே. இன்னிக்கு விடியக்காத்தால முருகன் எங்கனவுல வந்தான். லட்சுமணசாமியோட நடையை நான் கோமங்கலத்துலயே ஏத்துக்கிட்டேன், மாலையக் கழட்டுன்னு உத்தரவு குடுத்தான்."

"கந்தனுக்கு அரோகரா!" என்று ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. ஒரு நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டான். ராமுலு தள்ளுவண்டிச் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

லட்சுமணசாமிக்கு உடம்பெல்லாம் லேசானது. தப்பித்தாயிற்று. வெள்ளை வெளேரென்று தப்பித்தாயிற்று. உயிரும் மிஞ்சும், முதல் இலையும் மிஞ்சும். மனுசனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"இன்னிக்குச் சாயங்காலமே கோமங்கலத்துலிருந்து நடை" என்றார் குருசாமி. "ஐயா பேருக்கும் சேத்து ரெண்டு காவடி நானே எடுக்கறேன்."

மறுபடியும் அரோகரா. படுத்திருந்தவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். கீழேயிருந்து பார்க்கும்போதுதான் குருசாமியின் உதடு தெரிந்தது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பாதத்தில் வீக்கம். ஊர் தேஜஸ் என்று சொன்ன அதே வெளுப்பு. மூன்று நாளுக்கு முன் தன் கண்ணாடியில் பார்த்தது. கோமங்கலத்திலிருந்து பழனிக்கு இந்த ஆள் போய்ச் சேர மாட்டார். ரோட்டோரத்தில் விழுவார், சுற்றி நின்று பாடுவார்கள், சாப்பாட்டு வேனும் பின்னால் வராது. தன் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்த ஆள்.

"வண்டிய நிறுத்துங்க" என்றார் லட்சுமணசாமி.

நர்ஸ் நிறுத்தினாள். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். அறுபது பேரும் முருகனே பேசப்போவது மாதிரி வாய்பிளந்து நின்றார்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"கனவுமில்லை, உத்தரவுமில்லைங்க. எனக்குப் பதினோரு மாசமா வெளிக்கிப் போற எடத்துல ரத்தம் வருது. வேட்டியில பட்டா தெரியக் கூடாதுன்னு பச்சை கட்டுனேன். நீங்களா மாலையப் போட்டீங்க, நானும் வாய மூடிட்டுப் போட்டுக்கிட்டேன். ராமுலு, உனக்கு ஞாயஞ் சொன்னனே, அந்த வாய்ல அடிக்கோணும் என்னை. ஆஸ்பத்திரிக்கு மொத மாசமே வந்திருந்தா இத்தனை வந்திருக்காது. இதுல வெக்கப்படறதுக்கு ஒண்ணுமில்லைங்க. வெக்கப்பட்டுத்தான் நான் சாகப் பாத்தேன்."

அவர் குருசாமியைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை. தலையைக் கீழே போட்டுக்கொண்டு கூரை விளக்கைப் பார்த்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. மிச்சத்தை அந்த மனிதர்தான் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை மாதம் இருந்த பயம் இல்லை.

அப்போது தெய்வாத்தாள், வராந்தா முனை மேஜையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த இன்னொரு நர்ஸின் பக்கம் போனாள். கையிலிருந்த மாலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்தையில் கத்தரிக்காய் கேட்கிற குரலில், "ஏனம்மணி, இவருக்கும் ஒரு சீட்டு எழுதுங்க" என்று குருசாமியைக் காட்டினாள்.

நர்ஸுக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு அது அவளுக்கு நாற்பதாவது சீட்டு. பேனாவை எடுத்துக்கொண்டு, "பேரு?" என்றாள்.

குருசாமி அறுபது பேரையும் ஒருதரம் பார்த்தார். நாலு வருசமாக அவரை யாரும் பேர் கேட்டதில்லை. "திருமலைசாமிங்க" என்றார்.

"வயசு?"

"அம்பத்தொம்பது."

"என்ன தொந்தரவு? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

குருசாமி தன் பச்சைத் துண்டை ஒருதரம் தடவினார். தள்ளுவண்டியில் கிடந்தவர் காத்திருந்தார்.

"ரத்தம் போகுதுங்க" என்றார் குருசாமி, எல்லோருக்கும் கேட்கும்படி.